யோசிக்கச் சொல்லித் தருவதும் அதற்கு மதிப்பெண் போடுவதும்: வடசென்னைக் கல்லூரிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ பிராட்வே பக்கத்திலோ ஒரு கலைக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகவோ உதவிப் பேராசிரியராகவோ சேர்ந்திருக்கிறீர்கள். பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள். இந்தத் தாளைப் படித்து முடிக்கும் மாணவருக்குத் திறனாய்வுச் சிந்தனை வளரும் என்கிற பொருளில் அதன் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். எப்படி வளரும், வளர்ந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் மட்டும் அந்த வரியைத் தேடி எடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்புவோம். அந்த வரியை நிஜமாகவே வகுப்பில் நடத்திக் காட்ட ஒரு செமஸ்டர் போதும். எப்படி என்று வாரவாரியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பாடத்தை நன்றாக நடத்தினால் யோசிக்கும் திறன் தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அப்படி வருவதில்லை. ஆப்ராமி என்ற கல்வி ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 117 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாடத்தை மட்டும் ஆழமாக நடத்தி, யோசிக்கும் முறையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்ட வகுப்புகளில்தான் பலன் மிகக் குறைவாக இருந்தது. யோசிக்கும் முறையை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்து, அதையே பாடத்துக்குள்ளும் பயன்படுத்திய வகுப்புகளில் பலன் அதிகம். ஆகவே தனிப் பயிலரங்கம் நடத்திவிட்டு மறந்துவிடுவதும் வேண்டாம், பாடத்துக்குள் ஒளித்து வைப்பதும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

எதைச் சொல்லித் தருவது? 1990இல் பீட்டர் ஃபேசியோன் தலைமையில் 46 வல்லுநர்கள் பல சுற்றுகள் கருத்துப் பரிமாறி ஆறு திறன்களை வகுத்தார்கள்: பொருள் கொள்ளுதல், பகுத்துப் பார்த்தல், மதிப்பிடுதல், ஊகித்தல், விளக்குதல், தன்னைத் தானே திருத்திக்கொள்ளுதல். நல்ல பட்டியல். ஆனால் 60 பேர் உட்கார்ந்திருக்கும் முதலாண்டு வகுப்பில் ஆறையும் எழுதிப்போட்டால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். நான் நான்கு கேள்விகளாகச் சுருக்கிக்கொள்கிறேன்:

என்ன சொல்கிறார்கள்?
எதை வைத்துச் சொல்கிறார்கள்?
வேறு எப்படி இருக்கலாம்?
எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?

கரும்பலகையின் ஓரத்தில் செமஸ்டர் முழுக்க இவை இருக்கட்டும். மதிப்பெண் போடுவதும் இதே நான்கை வைத்துத்தான்.

உங்கள் முன்னால் இருப்பவர்கள்

பலர் தங்கள் வீட்டில் கல்லூரிக்கு வரும் முதல் ஆள். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலவழியில் உட்கார்ந்திருப்பார்கள். காலை ஷிப்ட் முடிந்ததும் ஒருவர் டெலிவரி வண்டி எடுப்பார், இன்னொருவர் துணிக்கடைக்குப் போவார், முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங். பன்னிரண்டு வருடம் கைடு படித்து, புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்று பழகி வந்தவர்கள். யோசிக்கத் தெரியாததால் பேசாமல் இருக்கவில்லை. தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் பேசாமல் இருக்கிறார்கள்.

அம்மாவோடு விடியற்காலையில் காசிமேடு ஏலத்துக்குப் போய்வரும் பெண், செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, "இது இன்னைக்கு வந்த மீன் இல்ல மேம்" என்பாள். ஆதாரம் பார்த்து முடிவுக்கு வருவது என்றால் அதுதான். எல்லா மீனும் செவுள் சிவந்தா இருக்கும், ஐஸில் வைத்தால் ஏமாற்ற முடியாதா என்று கேட்டுப் பாருங்கள், எதிர்வாதத்தையும் அவளே சொல்வாள். சந்தையில் செய்வதைத் தாளில் செய்யவும் அவளுக்கு உரிமை உண்டு என்று யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்வதுதான் உங்கள் முதல் வேலை.

முதல் வாரம்: எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

பாடம் தொடங்கும் முன் அரைமணி நேரம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ அவரவர் விருப்பம். இரண்டு தலைப்புகள் தயாராக வைத்திருங்கள்.

அ: "தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் பழைய வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவான எம்.சி. ரோட்டில் வண்டி விடாமல் இருந்தால் கடைகளின் வியாபாரம் குறையும் என்கிறார் ஒரு கடைக்காரர். இதை ஏற்கிறீர்களா? ஏன்?"

ஆ: "காலை ஷிப்டை அரைமணி நேரம் தள்ளித் தொடங்கினால் வருகைப்பதிவு கூடும் என்கிறார் ஒரு மாணவர். இதை ஏற்கிறீர்களா? ஏன்?"

வகுப்பில் பாதிப் பேருக்கு அ, மீதிப் பேருக்கு ஆ. செமஸ்டர் முடிவில் மாற்றிக் கொடுங்கள். எல்லோருக்கும் முதலில் அ, கடைசியில் ஆ என்று கொடுத்தால், கடைசியில் மதிப்பெண் கூடும்போது மாணவர் வளர்ந்தாரா, இல்லை ஆ-தான் சுலபமான தலைப்பா என்று பிரிக்க முடியாது. மாற்றிக் கொடுத்தால் அந்தச் சந்தேகம் பெருமளவு நீங்கும். தாளின் முன்பக்கத்தில் பெயர் வேண்டாம், பின்பக்கத்தில் பதிவெண் போதும். தேதி போட வேண்டாம். தாள்களை இப்போது திருத்தாதீர்கள், பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

இரண்டாம் வாரம்: 2, 4, 6

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் செய்த சோதனை இது. ஒரு பைசா செலவில்லை. கரும்பலகையில் 2, 4, 6 என்று எழுதுங்கள். "இந்த மூணு நம்பரும் ஒரு விதிப்படி இருக்கு. விதி என் மனசுல இருக்கு. நீங்க மூணு நம்பர் சொல்லுங்க, அது விதிக்குள்ள வருமா வராதான்னு மட்டும் சொல்றேன். விதி தெரிஞ்சிடுச்சுன்னு நம்பிக்கை வந்தா சொல்லலாம்."

8, 10, 12 என்பார் ஒருவர். வரும். 20, 22, 24. வரும். 100, 102, 104. வரும். நாலாவது ஆள் எழுந்து, "இரண்டு இரண்டாக் கூடுது சார்" என்பார். இல்லை என்று சொல்லுங்கள். வகுப்பு ஒரு நிமிடம் ஆடிப்போகும். அப்புறம் பின் பெஞ்சிலிருந்து யாராவது தயங்கித் தயங்கி 1, 7, 50 என்பார்கள். வரும். 6, 4, 2? வராது. அவ்வளவுதான், விதி பிடிபட்டுவிடும்: முந்தைய எண்ணைவிட அடுத்த எண் பெரிதாக இருக்க வேண்டும்.

இங்கே அவசரப்பட்டு விளக்கத்தைக் கொட்டாதீர்கள். "முதல்ல சொன்ன எல்லா நம்பரும் சரிதானே வந்துச்சு, அப்புறம் ஏன் விதி தப்பாப் போச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நம் எண்ணத்துக்குப் பொருந்தும் உதாரணங்களையே தேடினோம், அதை உடைக்கக்கூடிய ஓர் உதாரணத்தைக்கூடத் தேடவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். செமஸ்டர் முழுக்க இதை நினைவுபடுத்தலாம். யாராவது ஒருதலையாகப் பேசும்போது, "இது 8, 10, 12 மாதிரி இருக்கே, 6, 4, 2 எங்கே?" என்றால் போதும்.

இந்த வாரமே உங்களுக்கும் ஒரு பயிற்சி. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடியாவது காத்திருந்தால் பதில் நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களிலேயே காட்டினார். கேட்டவுடன் முன் பெஞ்சில் கை தூக்கும் அந்த இருவரைக் கூப்பிடாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள்.

இன்னொன்று, மறுத்துப் பேசுவதை மரியாதைக் குறைவு என்று நினைக்கும் பழக்கம் இரு பக்கமும் உண்டு. "அது எப்படித் தெரியும் சார்?", "நான் வேற மாதிரி நினைக்கிறேன் மேம்" என்ற இரண்டு வாக்கியங்களையும் நீங்களே சொல்லிக் கொடுங்கள். முதல் ஆள் உங்களிடம் அப்படிக் கேட்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கும். தலைப்புகளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சாதி, கட்சி, நடிகர், பஸ் ரூட்டுப் பெருமை இவையெல்லாம் முதல் மாதத்தில் வேண்டாம். முதலில் எந்தப் பக்கம் பேசினாலும் யாருக்கும் வலிக்காத விஷயங்களில் கை பழகட்டும். சூடான விஷயங்களுக்குப் பிறகு வரலாம், வரவும் வேண்டும்.

மூன்றிலிருந்து ஏழாம் வாரம் வரை: ஊரை எடுத்துப் படியுங்கள்

என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது இந்தக் கட்டம்தான், நிதானமாக நடத்துங்கள். வடசென்னையில் இதற்கான பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

காற்றிலிருந்து தொடங்குங்கள். மணலியில் காற்றுத் தரம் அளக்கும் நிலையம் இருக்கிறது, அதன் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். அங்கே ஒரு நாளின் பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசு) சராசரி கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். முதல் சீட்டில்: இந்திய அரசின் 24 மணி நேர வரம்பு 60. இரண்டாவதில்: உலகச் சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 24 மணி நேரத்துக்கு 15. மூன்றாவதில்: இந்திய அரசின் ஆண்டுச் சராசரி வரம்பு 40, மணலியில் இந்த வருடம் பெரும்பாலான நாள்கள் இப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு செய்தித் தலைப்பு எழுத வேண்டும்.

"மணலி காற்று வரம்புக்குள்" என்று ஒரு தலைப்பு வரும். "மூன்று மடங்குக்கு மேல் மாசு" என்று இன்னொன்று. "ஆண்டு வரம்பைத் தாண்டும் மணலி" என்று மூன்றாவது. மூன்றையும் பக்கம் பக்கமாக எழுதி, எது பொய் என்று கேளுங்கள். எதுவுமே பொய்யில்லை என்பது புரிய ஒரு பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் பாடம். ஒரே 50, ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம், எத்தனை நேரத்துச் சராசரி என்பதைச் சொல்லாமல் விட்டால் எந்த முடிவையும் எழுதிவிடலாம். மாணவர்கள் இதற்கு மேலும் போவார்கள். "மெஷின் மணலியில இருக்கு, எங்க வீடு எர்ணாவூர்ல, அங்க அளந்தா என்ன வரும்?" என்று யாராவது கேட்பார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒருவர் கேட்பார். அந்த வகுப்பில் பாடத்தை முடிக்க அவசரப்படாதீர்கள்.

இதே வழியில் அடுத்த வாரம் 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் நடந்த அம்மோனியாக் கசிவை எடுக்கலாம். அம்மோனியாவுக்கு 24 மணி நேர வரம்பு 400 மைக்ரோகிராம். நடுராத்திரியில் சட்டென்று ஏறி இறங்கும் ஓர் அளவை 24 மணி நேரச் சராசரி எப்படிக் காட்டும், எதை மறைக்கும்? ஆனால் அந்த இரவில் மூச்சுத் திணறி ஓடியவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். முதல் நாளே சொல்லிவிட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் பேசச் சொல்லுங்கள். நேரில் பட்டவர் சொல்வதும் ஆதாரம்தான், அதற்கென்று பலமும் எல்லையும் உண்டு என்று வகுப்பு உணர்ந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அதற்காக ஒருவரின் வலியைப் பயிற்சிப் பொருளாக்கிவிடக் கூடாது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அதன் செய்திகளைத் தேதிவாரியாக எடுத்து வரச் சொல்லலாம். முதல் நாளில் யார் என்ன சொன்னார்கள், ஒரு வாரம் கழித்து என்ன சொன்னார்கள், அளவு ஏன் மாறியது என்று ஓர் அட்டவணை. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் பழைய நாளிதழ்களைத் தேடவும் கற்றுக்கொள்வார்கள்.

அப்புறம் வாட்ஸப் பார்வர்ட். "தண்டையார்பேட்டையில் தண்ணி மஞ்சளா வருது, கெமிக்கல் கலந்துடுச்சு, எல்லோருக்கும் அனுப்புங்க" என்று நீங்களே ஒன்று எழுதி, இது பயிற்சிக்காக எழுதியது என்று சொல்லியே கொடுங்கள். உண்மையா பொய்யா என்று கேட்காதீர்கள். மஞ்சளாக வர வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று கேளுங்கள். குழாயின் துரு, நிலத்தடி நீரில் இரும்பு, கழிவுநீர்க் கலப்பு, மேலே தொட்டியைக் கழுவாதது என்று வரிசையாக வரும். எந்தக் காரணம் என்று தெரிய எதைச் சோதிக்க வேண்டும்? ஒரு வீட்டில் மட்டுமா, தெரு முழுக்கவா என்று பார்த்தாலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். செய்தி அனுப்பியவர் யார், அதைப் பற்றி வேறு இடங்களில் என்ன சொல்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய்ப் பார்க்கவும் பழக்குங்கள். ஸ்டான்ஃபோர்டில் வைன்பர்க்கும் மெக்ரூவும் செய்த ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் ஒரே இணையப் பக்கத்தை மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்க, செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உடனே வேறு பக்கங்களைத் திறந்து அந்தத் தளத்தைப் பற்றி விசாரித்துச் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

உங்கள் பாடம் சுற்றுச்சூழல் இல்லையே என்று நினைக்க வேண்டாம். வணிகவியல் என்றால் தண்டல் இருக்கிறது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். வட்டி எவ்வளவு? 15 சதவீதம் என்று வகுப்பே சொல்லும். கையில் வந்தது 8,500தானே என்றால் 17.6 ஆகும். நாளுக்கு நாள் அசலும் குறைகிறதே, அதோடு இது ஒரு வருடத்துக் கணக்கும் இல்லையே என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினால் ஆண்டுக்கு 120 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். வரலாறு என்றால் ராயபுரம் ரயில் நிலையம். "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். பம்பாயில் 1853இலேயே ரயில் ஓடிவிட்டது, ராயபுரம் திறந்தது 1856இல். என்ன சொல் சேர்த்தால் அந்த வாக்கியம் உண்மையாகும் என்று கேளுங்கள். தமிழ்த் துறையில் இருப்பவர்கள் நன்னூலின் எழுவகை மதத்தை எடுத்துக்கொள்ளலாம் (மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து). உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பிறகு களைதல், இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிதல் என்று கருத்தோடு மோத ஏழு வழி அதில் இருக்கிறது. ஒரு கட்டுரையைக் கொடுத்து, எந்தப் பத்தியில் எந்த மதம் என்று குறிக்கச் சொன்னால் நூற்பா உயிர்பெற்றுவிடும்.

எட்டாம் வாரம்: கேள்வித்தாளைத் திருத்துங்கள்

நம் கேள்வித்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் கே1 (நினைவிலிருந்து எழுதுவது) முதல் கே6 (புதிதாக உருவாக்குவது) வரை நிலை போடுகிறோம்; கே4 என்றால் ஆராய்வது. "ஆராய்க" என்று எழுதிவிட்டால் கே4 என்று கட்டம் நிரம்பிவிடும். ஆனால் எண்ணூர் கழிமுகம் மாசுபடும் காரணங்களை நீங்கள் ஏற்கெனவே நோட்ஸில் டிக்டேட் செய்திருந்தால், "காரணங்களை ஆராய்க" என்பது வெறும் கே1. மாணவர் ஆராயவில்லை, நினைவிலிருந்து எடுத்து வைக்கிறார். ஒரு கேள்வி யோசிக்க வைக்கிறதா என்பதற்கு என்னிடம் இருக்கும் சோதனை ஒன்றுதான்: இந்த விடை கைடில் இருக்குமா?

வகுப்பில் பார்க்காத ஒரு சின்ன அட்டவணை, நாலு வரிச் செய்தி, இரண்டு முரண்பட்ட கூற்றுகள், இப்படி ஏதாவது புதிதாகக் கேள்விக்குள்ளேயே கொடுங்கள். பயன்படுத்த வேண்டிய முறை பழகியதாக இருக்கட்டும், பொருள் மட்டும் புதிதாக இருக்கட்டும். பல்கலைக்கழகத் தேர்வின் 75 மதிப்பெண்ணில் நீங்கள் கை வைக்க முடியாது. இன்டர்னல் 25 உங்கள் கையில் இருக்கிறது, அதில் அசைன்மென்டுக்கான பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். எச்.ஓ.டி.யிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒன்பதாம் வாரம்: மதிப்பெண் அட்டவணை

2009இல் அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் இதற்கென ஒரு ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு என்று சொல்லும் மதிப்பெண் அட்டவணை, வெளியிட்டது. பிரச்சினையை விளக்குதல், ஆதாரம், சூழலும் அனுமானங்களும், மாணவரின் நிலைப்பாடு, முடிவு என ஐந்து அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் நான்கு படிநிலை. அதை அப்படியே எடுத்தால் 60 தாள் திருத்தி முடியாது. கரும்பலகையின் நான்கு கேள்விகளையே நான்கு அளவுகோலாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுங்கள். மொத்தம் 12. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. உங்களுக்குப் பிடிக்காத முடிவை நல்ல காரணத்தோடு எழுதியவருக்கு, உங்களுக்குப் பிடித்த முடிவை வெறுமனே எழுதியவரைவிட அதிகம் போட வேண்டும். இதில் ஒருமுறை சறுக்கினாலும் போதும், அடுத்த அசைன்மென்டில் எல்லோரும் உங்கள் கருத்தை ஊகித்து அதையே எழுதுவார்கள்.

எம்.சி. ரோடு தலைப்புக்கு இரண்டு மாதிரி விடைகளைப் பாருங்கள். முதலாவது: "கடைக்காரர் சொல்வது மிகவும் சரி. இன்றைய நவீன உலகில் போக்குவரத்து மனித வாழ்வின் இன்றியமையாத அங்கம். வண்டி இல்லையென்றால் மக்கள் எப்படி வருவார்கள்? எனவே வியாபாரம் நிச்சயம் குறையும்." நடை நன்றாக இருக்கிறது, கையெழுத்தும் அழகாக இருந்தால் கை தானாக 8 போடும். நான்கு கேள்வியை வைத்துப் பாருங்கள். கூற்றைப் புரிந்துகொண்டார்: 2. ஆதாரம் என்று ஒன்றும் இல்லை, பொதுப் பேச்சு: 0. வேறு சாத்தியம் யோசிக்கவில்லை: 0. உறுதியின் அளவு பற்றி எண்ணமே இல்லை, "நிச்சயம்" என்கிறார்: 0. மொத்தம் 2.

இரண்டாவது: "நான் அங்க துணிக்கடையில ரெண்டு தீபாவளி வேலை பாத்தேன். எங்க கடைக்கு வந்தவங்க நிறைய பேர் பஸ்லயும் மெட்ரோலயும் வந்தாங்க, வண்டி நிறுத்த இடம் இல்லன்னு திரும்பிப் போனவங்களும் உண்டு. அதனால வண்டி இல்லன்னா கூட்டம் கூடலாம். ஆனா மொத்தமா வாங்கறவங்க ஆட்டோ, டெம்போ வெச்சு எடுத்துட்டுப் போவாங்க, அவங்க வரமாட்டாங்க. என் கடை சின்னது, பெரிய கடை எப்படின்னு தெரியல." பேச்சுத் தமிழ், பத்தி பிரிக்கவில்லை. ஆனால் கூற்று புரிந்திருக்கிறது, 2. சொந்தமாகப் பார்த்த ஆதாரம், ஒரே கடை என்பதால் 2. எதிர்ப்பக்கம் அவரே கொண்டுவந்தார், 3. தன் முடிவு எதுவரை செல்லும் என்று சொன்னார், 3. மொத்தம் 10. கடைக்காரர் சொன்னதில் மறைந்திருக்கும் அனுமானத்தையும், அதாவது வாங்க வருபவர்கள் சொந்த வண்டியில்தான் வருகிறார்கள் என்பதையும், எடுத்துக் காட்டியிருந்தால் முதல் கேள்விக்கு 3 போட்டிருக்கலாம்.

தலைப்பு அ இன்னும் பாதிப் பேருக்கு வர வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த இரண்டு விடைகளும் உங்கள் பழக்கத்துக்கு மட்டும். வகுப்பில் காட்ட வேறு தலைப்பில் இதேபோல இரண்டு எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்களையே திருத்தச் சொல்லி, எங்கே வேறுபடுகிறார்கள் என்று பேச விடுங்கள். அட்டவணையை ஒளித்து வைக்கக் கூடாது. எதற்கு மதிப்பெண் என்று தெரிந்தால்தான் அதற்கு முயல்வார்கள். மொழிநடைக்கு மதிப்பெண் தேவை என்றால் தனியாக வையுங்கள். இந்த 12இல் அதைக் கலந்தால், ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை யோசிக்கத் தெரியாதவர் என்று பதிவாகிவிடும். அது அநியாயம்.

வீட்டிலிருந்து எழுதி வரும் அசைன்மென்டை இப்போது சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடும். பிடிப்பதற்கு அலைய வேண்டாம். வகுப்பிலேயே கையால் எழுதட்டும், இல்லையென்றால் எழுதி வந்ததை வைத்து ஆளுக்கு மூன்று நிமிடம் கேளுங்கள்: "இந்த வரியை ஏன் எழுதினீங்க? இது தப்புன்னு காட்டணும்னா எதைக் காட்டணும்?" தானே யோசித்தவர் திக்கித் திக்கியாவது சொல்வார்.

மூன்றாமாண்டு மாணவர்கள் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நல்ல பயிற்சி. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும், எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. "கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கை ஏன் சரிசெய்யவில்லை?" என்று எழுதினால் ஒன்றும் வராது. எந்த ஆண்டு, எந்தப் பணி, எவ்வளவு தொகை ஒதுக்கீடு, எந்த ஆவணத்தின் நகல் என்று கேட்டால்தான் வரும். ஆதங்கத்தைக் கேள்வியாக மாற்றுவது எத்தனை கடினம் என்று அந்த ஒரு பக்கம் எழுதும்போது தெரியும்.

கடைசி இரண்டு வாரம்: வளர்ந்தார்களா?

இப்போது அ எழுதியவருக்கு ஆ, ஆ எழுதியவருக்கு அ. அதே அரைமணி, அதே வெள்ளைத்தாள். பீரோவில் இருக்கும் பழைய தாள்களை எடுத்து, புதியவற்றோடு நன்றாகக் கலந்துவிடுங்கள். எது முன்னால் எழுதியது, எது பின்னால் எழுதியது என்று தெரியாமல் திருத்த வேண்டும். தெரிந்தால் பின்னால் எழுதியதற்கு நம் கை கொஞ்சம் தாராளமாகும், எத்தனை நேர்மையானவருக்கும். அதனால்தான் முதல் வாரத்திலேயே திருத்த வேண்டாம் என்றேன்.

இன்னொரு ஆசிரியரிடம் இருபது தாள் கொடுத்துத் தனியாகத் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு பேரின் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றுக்குள் இருந்தால் அட்டவணை வேலை செய்கிறது. எக்கச்சக்கமாக வேறுபட்டால் குறை மாணவரிடம் இல்லை, அளவுகோலின் விளக்கத்தில் இருக்கிறது. உட்கார்ந்து பேசி, விளக்கத்தைத் திருத்தி, மறுபடி போடுங்கள். ஆய்வுக் கட்டுரையாக எழுத நினைத்தால் கோஹனின் கப்பா (இரண்டு பேர் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் எண்) கணக்கிடுங்கள், வகுப்புக்கு இதுவே போதும்.

கலிஃபோர்னியா தேர்வு, கார்னெல் தேர்வு, வாட்சன்-கிளேசர் என்று விலைக்கு வரும் தேர்வுகள் உண்டு. நிறுவனங்களை ஒப்பிட அவை உதவலாம். நம் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்நியச் சூழலில் ஆங்கிலத்தில் எழுதிய கேள்விகளுக்கு நம் பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணில் ஆங்கிலம் எவ்வளவு, சிந்தனை எவ்வளவு என்று பிரிப்பது சிரமம்.

முடிவைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். ஹூபரும் குங்கெலும் 2016இல் தொகுத்த ஆய்வுகளின்படி, கல்லூரிக் காலம் முழுவதிலும் ஏற்படும் உயர்வு சராசரியாகத் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 0.6 அளவுதான். ஒரு செமஸ்டரில் 12க்கு 4லிருந்து 5 அல்லது 6 ஆனால் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். உங்கள் பயிற்சியால்தான் உயர்ந்தது என்று சொல்ல, அதே துறையில் இந்தப் பயிற்சி இல்லாத இன்னொரு செக்ஷனிலும் இரண்டு தாளையும் எழுத வைத்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் உயர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள், காரணம் எழுதாதீர்கள். வேலை இருப்பதால் அன்று வராமல் போனவர்கள் யார் என்றும் பாருங்கள். வந்தவர்களின் சராசரி மட்டும் வகுப்பின் சராசரி ஆகாது.

மொத்த மதிப்பெண்ணைவிட நான்கு கேள்விகளுக்கும் தனித்தனியாக என்ன வந்தது என்பது முக்கியம். பெரும்பாலும் "எதை வைத்து" சீக்கிரம் ஏறும், "வேறு எப்படி இருக்கலாம்" மெதுவாகத்தான் ஏறும். அது ஏறவில்லை என்றால் அடுத்த செமஸ்டரில் பக்கம் மாற்றிப் பேசும் பயிற்சியைக் கூட்டுங்கள்: ஒருவர் பத்து நிமிடம் ஒரு பக்கம் பேசி முடித்ததும், மணி அடித்து, எதிர்ப்பக்கத்தை அவரே பேச வேண்டும்.

இரண்டு தாளையும் மாணவரிடம் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்தில் மதிப்பெண் மட்டும் வேண்டாம், எந்த வரியில் 2 வந்தது, எந்த வரி இருந்திருந்தால் 3 ஆகியிருக்கும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். 60 தாளுக்கும் எழுத இரண்டு மூன்று மாலைகள் போகும். நகல் எடுத்து, பதிவெண்ணை மறைத்து, சி.ஓ. (பாடத்தின் கற்றல் விளைவுகள்) அட்டவணையோடு துறை ஃபைலில் வையுங்கள். அடுத்த ஜூனில் உங்களைப் போலப் புதிதாக வருபவருக்கு மாதிரி விடைகள் தயாராக இருக்கும்.